மொட்டை மாடி பீட்சா: 450 வேண்டாம், 380 போதும்

ஓவனுக்குள் இருக்கும் சுடும் கல்லின் நடுவில் 380 டிகிரி. மாவு உருண்டை 240 கிராம். பீட்சா உள்ளே போன உடனே தீயைக் குறைத்துவிட வேண்டும். இரண்டேகால் நிமிடத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். கடையில் கிடைக்கும் சாதா மைதாவை வைத்துக்கொண்டு, ஓரம் உப்பி, அடி மொறுமொறுவென்று, நடுவில் சொதசொதக்காமல் ஒரு பீட்சா சுட இதுதான் வழி என்று இப்போது தைரியமாகச் சொல்வேன். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கேஸ் பீட்சா ஓவன் ஒன்றை வைத்துச் சித்திரையில் ஆரம்பித்த வேலை, புரட்டாசியில்தான் கைகூடியது. இதே மாதிரி ஓவன் வாங்கிவிட்டு, வீடியோவில் வருகிற மாதிரி வரவில்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வீட்டில் ஏற்கெனவே ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் இருந்தது. ஆனால் அது 250 டிகிரியோடு நின்றுவிடும். அதில் பீட்சா வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. அதற்குள் மாவின் ஈரமெல்லாம் போய் ஓரம் காய்ந்துவிடுகிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாவுக்கென்று 1984இல் தொடங்கிய சங்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் விதிப்படி விறகு அடுப்பில் 60 முதல் 90 வினாடிக்குள் பீட்சா வெந்தாக வேண்டும். அந்தச் சூட்டை வீட்டு மாடிக்கே கொண்டுவருகிறோம் என்று சொல்லித்தான் கையில் தூக்கிப்போகும் இந்தக் கேஸ் ஓவன்களை விற்கிறார்கள். சூடு வருவது உண்மைதான். அவ்வளவு சூடு நம் ஊர் மைதாவுக்கு வேண்டுமா என்று யாரும் சொல்வதில்லை.

ஓவன் பழையது. ஓசூரிலிருந்து வேலை மாற்றலாகிப் போன ஒருவரிடம் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். 12 அங்குலப் பீட்சா போகும் அளவு, மடக்கும் கால்கள், எடை பத்து கிலோவுக்குப் பக்கம். பர்னர் பின்பக்கமும் இடது பக்கமுமாக ‘ட’ வடிவத்தில் வளைந்திருக்கும். தீ மேலே ஏறி, கூரையைத் தொட்டு, வாசலை நோக்கி உருளும். புதிதாக வாங்கினால் 16,000 ஆகியிருக்கும். அந்த 7,000 மிச்சமானது வீடு வரைக்கும்தான். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்த சுடும் கல் இரண்டாகப் போயிருந்தது.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு கல்லுக்கு ஆன்லைனில் ஆர்டர் போடுவதா என்று ஒரு ரோஷம். இங்கே கிரானைட் பட்டறைக்குப் பக்கத்தில் போனால் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் மலைபோல் கிடக்கும். 18 மி.மீ. தடிமனில் ஒரு துண்டைப் பொறுக்கி, 13 அங்குலச் சதுரமாக வெட்டித் தரச் சொன்னேன். கூலி 100 ரூபாய். எதற்கு என்று கேட்டார் மிஷின்காரர். சொன்னேன். “அடுப்புல வைக்கவா? தெறிக்கும் சார், பாத்துக்குங்க” என்றார். தெறித்தது. சூடு 250ஐ நெருங்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். மூலையிலிருந்து குறுக்காக விரிசல், கூடவே நகக்கண் அளவு சில்லு ஒன்று வாசல் வழியாக வெளியே வந்து விழுந்தது. கிரானைட்டில் பல தாதுக்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சூட்டில் ஒவ்வொரு அளவுக்கு விரிகிறது. போதாக்குறைக்கு, பளபளப்பு வர மேலே பூசுகிற ரெசின் வேறு இருக்கும். உணவு வைக்கிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம். நாலு வீடு தள்ளிக் கல் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

அப்புறம் ஆர்டர் போட்டது கார்டியரைட் கல். பானை சுடும் சூளைகளில் தட்டுக்குப் பயன்படுகிற பொருள் இது. சூட்டில் மிகக் குறைவாகத்தான் விரியும் என்பதால் உடையாது. 12 மி.மீ. தடிமன், 1,900 ரூபாய். முதல் முறை சிறு தீயில் இருபது நிமிடம் காய்ச்சி ஈரத்தை விரட்டிவிட்டுத்தான் முழுத் தீ வைத்தேன். தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. சீஸ் கொட்டினால் முழுத் தீயில் பத்து நிமிடம் எரியவிட்டு, ஆறிய பிறகு சுரண்டினால் போதும். இப்போது என் கல் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. வேலை நன்றாகச் செய்கிறது.

கேஸ் இணைப்பு அடுத்த தலைவலி. ஓவனோடு வந்த ரெகுலேட்டர் வெளிநாட்டுச் சிலிண்டருக்கானது. நம் சிலிண்டர் வாயில் உட்காரவில்லை. அடுப்பு ரிப்பேர் கடையில் கேட்டதற்கு, டீக்கடைகளில் போடுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டரை எடுத்து நீட்டினார்கள். “தீ சும்மா பிச்சிக்கிட்டு வரும்” என்றார்கள். அதனால்தான் வேண்டாம் என்று வந்துவிட்டேன். இந்த ஓவனின் ஜெட், அதாவது கேஸ் வரும் துளை, அந்த அழுத்தத்துக்குச் செய்ததில்லை. வீட்டு ரெகுலேட்டர் கிட்டத்தட்ட 30 மில்லிபார் அழுத்தம் கொடுக்கும். ஓவனின் பின்பக்கத் தகட்டில் போட்டிருந்த அளவும் அதை ஒட்டித்தான் இருந்தது. அதையே போட்டு, புது ரப்பர் குழாய் மாட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வீடியோக்களில் 15 நிமிடத்தில் சூடேறுகிறது. எனக்கு 25 நிமிடம் ஆகிறது. ஆகட்டும். 14 கிலோ சிலிண்டரை மாடிக்குத் தூக்குவது முதுகுக்கு ஆகாது என்பதால் 5 கிலோ சிலிண்டர் வைத்திருக்கிறேன். தொங்கும் தராசில் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்ததில், ஒரு மணி நேரத்துக்கு 310 கிராம் கேஸ் போகிறது.

சூடு பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டும். இது இல்லாமல் இறங்கினால் குருட்டாம்போக்குதான். நான் முதலில் வாங்கிய 800 ரூபாய்க் கருவி 380 டிகிரி வரைக்கும்தான் காட்டும். அதைத் தாண்டினால் எண் போய் ‘ஹெச்ஐ’ என்று இரண்டு எழுத்து வந்து நிற்கும். மிகச் சரியாக எனக்கு வேண்டிய இடத்தில் அது கை விரித்துவிட்டது. 600 வரை காட்டுவதை 1,450 கொடுத்து மறுபடி வாங்கினேன். அதில் பார்த்தபோதுதான் ஒரே கல்லில் எத்தனை சூடு என்பது தெரிந்தது. பின்பக்க இடது மூலை 440, நடு 380, வாசல் ஓரம் 310. ஓவன் 400 டிகிரியில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், கல்லில் எந்த இடம் என்று கேட்க வேண்டும். பளபளக்கும் எவர்சில்வர் பாகத்தில் அடித்தால் அந்த எண்ணை நம்பவே கூடாது. கல்லின் மேல் மட்டும் அடிக்க வேண்டும்.

மாவுக்கு வருகிறேன். இங்கேதான் அதிக நாள் போனது.

ஆரம்பத்தில் பின்பற்றிய குறிப்பில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் பாலும் இருந்தன. ஓடிஜிக்கு அது சரி. நிறம் வர உதவும். 400 டிகிரியில் சர்க்கரை இருந்தால், உள்ளே வேகும் முன்பே ஓரம் கருகிவிடும். இரண்டையும் எடுத்துவிட்டேன். அடுத்து, இத்தாலி மாவுக்குச் சொல்கிறபடி, மாவின் எடையில் 65 சதவீதத் தண்ணீரை நம் மைதாவில் ஊற்றினேன். மாவு பலகையில் பரவிக் குளமாய் நின்றது. மைதாவில் புரதம் குறைவு; அவ்வளவு தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கப் பசை போதாது. இறக்குமதி மாவு கிலோ 300 ரூபாய்க்கு மேல். அதற்குப் பதில், சேலத்தில் பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் கோதுமைப் புரதமான குளூட்டன் பொடி கால் கிலோ வாங்கி, மைதாவோடு 2 சதவீதம் கலந்தேன். ஆட்டா கலந்தும் பார்த்தேன். வாசம் நன்றாக இருந்தது, உப்பல் போய்விட்டது.

இழுக்கும்போது மாவு திரும்பத் திரும்பச் சுருங்கியதற்கு விடை கிடைத்தது காவேரிப்பட்டணம் போகும் வழியில் இருக்கும் ஒரு பரோட்டா கடையில். மாஸ்டரிடம் ஓர் உருண்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். “ஏன் தம்பி, இப்பத்தான் உருட்டினீங்களா? உருட்டின கையோட இழுத்தா முறுக்கிக்கும். சும்மா விடுங்க, அதுவே வழிக்கு வரும்” என்றார். “எவ்வளவு நேரம்ணே?” என்றேன். “விரல் வச்சா பள்ளம் மெதுவா எழும்பணும். அதான் நேரம்.” சொல்லிவிட்டு, அந்த உருண்டையைக் கல்லில் தட்டி, இரண்டு வீச்சில் அடியில் இருந்த செய்தித்தாளைப் படிக்கிற அளவுக்கு மெல்லிசாக்கிக் காட்டினார். பீட்சாவுக்கு அது ஆகாது, ஓரம் தடிமனாக நிற்க வேண்டும் என்றதும், “அப்ப வீசாதீங்க” என்று முடித்துக்கொண்டார்.

இப்போது நான் வைத்திருக்கும் அளவு, நாலு பீட்சாவுக்கு: மைதா 573 கிராம், குளூட்டன் 12 கிராம், தண்ணீர் 360, உப்பு 16, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம். ஒரு கிராம் ஈஸ்ட்டைச் சமையலறைத் தராசில் நம்பி நிறுக்க முடியாது. 400 ரூபாய்க்குக் கிடைக்கும் நகைத் தராசு வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் பிசிறிப் போட்டு, அரை மணி நேரம் மூடி வைத்து, அப்புறம் எட்டு நிமிடம் பிசைந்தால் போதும். மூடி வைத்த அந்த அரை மணியே பாதிப் பிசையலைச் செய்துவிடுகிறது. பிறகு 240 கிராம் உருண்டைகள், எண்ணெய் தடவிய வட்ட எவர்சில்வர் டப்பாவில் ஒவ்வொன்றும் தனித்தனியாக. வட்ட டப்பாவில் வைத்தால் மாவும் வட்டமாகவே பரவுகிறது. பாதி வடிவம் அங்கேயே வந்துவிடும்.

சித்திரை வெயிலில் வெளியே வைத்த மாவு ஐந்து மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. அதனால் வெயில் காலத்தில் வெளியே ஒரு மணி நேரம், புரட்டாசிக் குளிர்ச்சிக்கு இரண்டு மணி நேரம். அதற்குப் பின் 24 மணி நேரம் ஃபிரிட்ஜில். 48 மணி நேரம் வைத்தால் ருசி கூடும் என்பார்கள். குளூட்டன் சேர்த்தும் நம் மைதா அதுவரை தாங்கவில்லை. உருண்டை தளர்ந்து டப்பாவோடு ஒட்டிக்கொண்டது. சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வெளியே எடுத்துவிடுகிறேன்.

பரப்புவதற்குப் பூரிக்கட்டை கூடாது. ஓரத்தில் இருக்கிற காற்றெல்லாம் நசுங்கி, அப்பளம்தான் வரும். விரல் நுனியால் நடுவிலிருந்து வெளியே அழுத்தி, விளிம்பில் அரை அங்குலத்தைத் தொடாமல் விட வேண்டும். இதற்கு இடம், ஓவனில் கைவிட்ட கிரானைட்டேதான். இரண்டுக்கு இரண்டு அடித் துண்டு ஒன்று 150 ரூபாய். மேசை மேல் போட்டிருக்கிறேன். குளுகுளுவென்று இருக்கும், மாவு ஒட்டாது, ஒரே துடைப்பில் சுத்தமாகும். கிருஷ்ணகிரிக் கல்லுக்கு இந்த வேலை பொருந்துகிறது.

கரண்டிக்கு, அதாவது பீட்சாவை உள்ளே தள்ளுகிற தட்டுக்கு, அலுமினியத்தில் 12 அங்குலத்தது 700 ரூபாய். உள்ளே வைத்துத் திருப்ப இன்னொரு சின்ன வட்டத் தட்டு வேண்டும். அதன் விலையைப் பார்த்துவிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். 18 கேஜ் தடிமன் எவர்சில்வர் தகட்டில் 7 அங்குல வட்டம் வெட்டி, இரண்டடிக் கம்பியில் பற்ற வைத்து, முன்விளிம்பைக் கிரைண்டரில் கத்தி மாதிரி சீவித் தந்தார். 250 ரூபாய். அந்தச் சீவல்தான் முக்கியம். விளிம்பு மழுங்கலாக இருந்தால் பீட்சா அடியில் நுழையாமல் அதைத் தள்ளிக்கொண்டே போகும்.

மாவு தட்டில் ஒட்டாமலிருக்க ரவை தூவச் சொல்வார்கள். தூவினேன், முதல் பீட்சாவிலிருந்து விழுந்த ரவை கல்லில் கரியாகி, அடுத்ததன் அடியெல்லாம் கசப்பு. நம் பக்கத்து ராகி மாவைத் தூவிப் பார்த்தேன். நன்றாக வழுக்கியது, களி கிண்டும்போது வருகிற வாசமும் லேசாக வந்தது. ஆனால் அதன் நிறமே கறுப்பு என்பதால் அடி கருகியதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் பச்சரிசி மாவு, இரண்டு சிட்டிகை. அதுவும் சரிவர வேலை செய்ய வேண்டுமானால், மாவு தட்டில் ஏறிய ஒரு நிமிடத்துக்குள் சாஸ், சீஸ் எல்லாம் போட்டுத் தள்ளிவிட வேண்டும். தள்ளும் முன் தட்டை ஒருமுறை குலுக்கிப் பார்க்கிறேன். நகராவிட்டால் ஓரத்தைத் தூக்கி இன்னும் கொஞ்சம் மாவு. இந்தக் குலுக்கலை விட்ட ஒரு நாள், பீட்சா பாதி தட்டிலும் பாதி கல்லிலுமாக மடிந்து, சீஸ் தீப்பிடித்து எரிந்தது.

தக்காளிக்கு நமக்கென்ன பஞ்சம். ராயக்கோட்டைச் சந்தையும் பாலக்கோடும் பக்கத்தில் இருக்கும்போது டப்பாத் தக்காளிக்கு 300 ரூபாய் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் பச்சையாக அரைத்து ஊற்றினால் நடுவில் குட்டை கட்டுகிறது. நாட்டுத் தக்காளி மட்டும் போட்டால் புளிப்பும் நீரும் அதிகம். பெங்களூர் தக்காளி மட்டும் என்றால் சதை உண்டு, ருசி மந்தம். மூன்று பங்கு பெங்களூர், ஒரு பங்கு நாடு. நன்றாகப் பழுத்ததைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டுத் தோலுரித்து, விதையை வழித்துவிட்டு, கையால் பிசைந்து, கிலோவுக்கு 10 கிராம் உப்பு போட்டு, வேட்டித் துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிடுகிறேன். ஒரு கிலோவுக்கு 400 கிராம் தேறுகிறது. வடிந்த நீர் அன்றைக்கு ரசத்துக்கு. ஒரு பீட்சாவுக்கு 70 கிராம் சாஸ், அதற்கு மேல் ஒரு கரண்டி கூடக் கூடாது.

சீஸ் கட்டியாக வாங்கித் துருவிய மொசரல்லா, 80 கிராம். துருவி வருகிற பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவு சேர்ப்பார்கள். அது இந்தத் தீயில் சட்டென்று கருகுகிறது. தளி பக்கத்துக் குடைமிளகாய் அருமையாக இருக்கும், ஆனால் இரண்டு நிமிடத்தில் வேகாது. வெங்காயம், குடைமிளகாய், காளான் எல்லாவற்றையும் இரும்புச் சட்டியில் முன்னாலேயே ஒரு வதக்கு வதக்கிவிடுகிறேன். இலைக்குத் திருநீற்றுப்பச்சிலை. சப்ஜா விதை தருகிற செடி. இத்தாலிக்காரர்கள் போடுவதும் இதே இனம்தான், நம்முடையது கொஞ்சம் காரசாரமான வாசம். சுட்ட பிறகு போட்டால்தான் பச்சையாக நிற்கும்.

இவ்வளவும் சரியான பிறகும் பீட்சா சரியாக வரவில்லை. கல் 450, தீ முழுசாக, 90 வினாடி என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சுட்டேன். பின்பக்க ஓரம் 20 வினாடியில் கரி. அடியில் கருப்புப் புள்ளிகள், அதைக் கடித்தால் நடுவில் பச்சை மாவு பல்லில் ஒட்டியது. வேகமாகத் திருப்பிப் பார்த்தேன், தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஆடி மாதக் காற்று வந்து பாடம் நடத்தியது. எங்கள் மாடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஆளைத் தள்ளும். பீட்சாவை உள்ளே விட்ட சில நொடிகளில் ஒரு வீச்சில் பர்னர் அணைந்துவிட்டது. நாப்பை மூடி, சிலிண்டரையும் மூடினேன். கேஸ் கலைய ஐந்து நிமிடம் விடாமல் மறுபடி பற்ற வைக்கக் கூடாது என்பதால் பீட்சாவை மறந்துவிட்டு நின்றேன். மூன்று நிமிடம் கழித்து வெளியே எடுத்தால், மேலே நிறம் கம்மி, ஆனால் அடி ஒரே சீராகப் பொன்னிறம், நடு முழுக்க வெந்திருந்தது, ஓரம் உப்பியிருந்தது. அதுவரை சுட்டதிலேயே அதுதான் சாப்பிடக்கூடிய பீட்சா.

அடியை வேக வைப்பது கல், மேலே நிறம் கொடுப்பது தீ. இரண்டையும் ஒரே நாப்பில் ஒரே அளவில் விட்டுவைத்ததுதான் கோளாறு. அன்றிலிருந்து முழுத் தீயில் கல்லை 380க்குக் கொண்டுவருகிறேன். பீட்சா உள்ளே போனதும் தீயைக் கடைசிக் குறைவுக்கு இறக்குகிறேன். முக்கால் நிமிடம் தொடுவதே இல்லை. மாவு இறுகியதும் 20 வினாடிக்கு ஒருமுறை கால் வட்டம் திருப்பல். கடைசி 20 வினாடிக்குத் தீயைக் கூட்டினால் ஓரத்தில் சிறுத்தைப் புள்ளி விழுகிறது, சீஸ் கொதிக்கிறது. எடுத்தவுடன் கல் 320க்கு இறங்கியிருக்கும். அவசரப்பட்டு அடுத்ததைத் தள்ளாமல் ஐந்து நிமிடம் முழுத் தீயில் காய விட வேண்டும். காற்றுக்கு, ஓவனின் வாசலை வடக்கே திருப்பிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஆனால் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்திருக்கிறேன்.

புரட்டாசி என்பதால் கோழி இல்லாமல் காளானும் வெங்காயமும் போட்டுச் சுட்டது போன வாரம். வெட்டிய துண்டைத் தூக்கிப் பிடித்தால் முனை கொஞ்சமாகத்தான் தொங்கியது, சாஸ் வழியவில்லை. பெங்களூரில் 500 ரூபாய் கொடுத்துச் சாப்பிட்டதற்கு இது குறைச்சலில்லை என்று வீட்டில் தீர்ப்பு. பொருள், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு பீட்சாவுக்கு 70 ரூபாய்க்குள் முடிகிறது. தக்காளி கிலோ 30 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. 2023 ஜூலை மாதிரி நூறைத் தாண்டினால் கணக்கும் தாண்டும். தளவாடங்களுக்கு, உபயோகமில்லாமல் போன தெர்மாமீட்டரையும் வெடித்த கல்லையும் சேர்த்து, 14,750 ஆகிவிட்டது.

மறுபடி வாங்குவதாக இருந்தால் 16 அங்குல ஓவன்தான் வாங்குவேன். 12 அங்குலத்தில் 12 அங்குலப் பீட்சா போட்டால் ஓரம் பர்னரை உரசிக்கொண்டு நிற்கிறது, திருப்பவும் இடமில்லை. இருக்கிற ஓவனுக்கு அடுத்த முறை உருண்டையை 200 கிராமாகக் குறைத்து, பத்தரை அங்குலத்துக்கு மட்டும் பரப்பிப் பார்க்கப் போகிறேன். கூடவே மைதாவில் 5 சதவீதம் ராகி. தூவுவதற்கு ஆகாதது, உள்ளே கலந்தால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தீயை அணைத்த பிறகும் கல் அரை மணி நேரத்துக்கு மேல் சூடாகவே இருக்கிறது. அந்தச் சூடு வீணாகாமல் இரும்புத் தட்டில் வேர்க்கடலை போட்டு வறுத்துக்கொள்கிறோம். நடுவில் இரண்டு தடவை கிளறிவிட்டால் கால் மணி நேரத்தில் தோல் உரியும் பதம் வந்துவிடுகிறது.